இலை மஞ்சளானால் முதலில் எதைப் பார்ப்பது?
தொட்டி மரம் வளர்க்கும் சகோதரிகளுக்கு

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்னைக்கு சேமிப்பு, வங்கிக் கடன், தரம் பிரித்தல் எதையும் பத்திப் பேசப் போறதில்லை. இலையைப் பத்திப் பேசப் போறேன். சின்னத் தொட்டியில் வளர்க்கிற ஆல், அரசு, இச்சி மரங்களோட இலை. "போன்சாய்"னு டவுன்ல சொல்றாங்க. அது ஜப்பான்காரங்க சொல். தட்டில் நட்டதுன்னு அர்த்தம். பெரிய மரத்தையே வேரையும் கிளையையும் வெட்டி வெட்டி, ஒரு முழ உயரத்துக்குள்ள வருஷக்கணக்கா வளர்க்கிற கலை.

நம்ம கூட்டமைப்பில் இப்போ நாலு குழுக்கள் இந்தத் தொழிலைச் செய்யுறாங்க. முதலீடு குறைவு. கிணற்றுச் சுவரிலும் ஓட்டு வீட்டு இடுக்கிலும் தானா முளைச்ச கன்றைப் பிடுங்கி வந்து தொட்டியில் வச்சாலே ஆரம்பம் ஆயிடுது. ஆனா பலன் வர மூணு வருஷம், நாலு வருஷம் ஆகும். அதனாலதான் ஒரு இலை மஞ்சளானாலும் நம்ம வயிறு கலங்குது. மூணு வருஷ உழைப்பு மூணு வாரத்தில் போயிடும். போன வருஷம் அப்படித்தான் ஒரு குழுவுக்குப் போச்சு. அதில் என் தப்பும் இருக்கு. முதலில் அதைச் சொல்லிடறேன். அந்தக் குழுவோட அனுமதி வாங்கித்தான் சொல்றேன். ஊர் பேரும் ஆள் பேரும் வேண்டாம்.

போன ஐப்பசியில் நடந்தது

அந்தக் குழுவில் 64 மரம் இருந்தது. அதில் 30 மரத்தை தை மாசம் கொடுக்கிறதா டவுன் நர்சரி ஒன்றில் பேசி முன்பணமும் வாங்கியிருந்தாங்க. ஐப்பசி மழை தொடங்கி பத்து நாளில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சது. எனக்குப் போன் வந்தது. நான் போனேன். வண்டியை நிறுத்தினேன், நின்ன இடத்தில் இருந்தே பார்த்தேன். "சத்து பத்தலைக்கா, கொஞ்சம் உரம் போடுங்க, சரியாயிடும்"னு சொல்லிட்டு அடுத்த ஊர்க் கூட்டத்துக்குக் கிளம்பிட்டேன். மண்ணைத் தொட்டுப் பார்க்கலை. இலையைத் திருப்பிப் பார்க்கலை. எம்.எஸ்.டபிள்யூ. படிச்ச மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவங்களும் மஞ்சளான தொட்டிக்கெல்லாம் யூரியா போட்டாங்க.

பதினைஞ்சு நாளில் 9 மரம் செத்துப்போச்சு.

அதுக்கப்புறம் என்ன நடக்கும்? யார் மேல தப்புன்னு தேட ஆரம்பிச்சாங்க. தண்ணி ஊத்துற பொறுப்பு ஒரு அக்காவுடையது. புருஷன் இல்லாதவங்க. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் தினம் காலை, மாலைன்னு அவங்க டிக் போட்டிருந்தாங்க. "மழை பெய்யும்போது கூடவா ரெண்டு வேளை ஊத்துவ? உன்னாலதான் போச்சு"ன்னு பேச்சு வளர்ந்துடுச்சு. மரம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்னு கணக்குப் போட்டு, 9,000 ரூபாயை அந்த அக்காவோட சேமிப்பில் பிடிக்கறதுன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதிட்டாங்க. மாசம் 200 வீதம் மூணு வருஷம் கட்டின சேமிப்பு அவங்களுக்கு மொத்தமே 7,200 ரூபாய்தான். அந்த அக்கா அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு வரலை.

தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கப் போன அன்னைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிஞ்சது. கூட்டத்தில் காரசாரமா பேச்சு போயிட்டிருக்கு. குழுவில் மூத்த பாட்டி ஒருத்தங்க, கையெழுத்துக்கூட ரெண்டு வருஷம் முன்னாடிதான் போடக் கத்துக்கிட்டாங்க. அவங்க எதுவும் பேசாம எழுந்து போய், மஞ்சளா நின்ன ஒரு இச்சி மரத்தைத் தொட்டியோட கவிழ்த்து மண்கட்டியா எடுத்துட்டு வந்து நடுவில் வச்சாங்க. சாக்கடை நாத்தம். வேர் கறுப்பா, தொட்டால் தோல் உரியுற மாதிரி அழுகிக் கிடந்தது. தொட்டியோட ஓட்டையில் களிமண் அடைச்சு இறுகிப் போயிருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளியே வந்தது. ஆனியில் தொட்டி மாத்தும்போது 39 தொட்டிக்கு செங்கல் ஜல்லி கலந்த மண் போட்டிருக்காங்க. ஜல்லி தீர்ந்துபோச்சு. மீதி 25 தொட்டிக்கு கண்மாய் வண்டல் போடலாம்னு எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணியிருக்காங்க. அதுவும் தீர்மானப் புத்தகத்தில் இருக்கு. செத்த 9 மரமும், மஞ்சளா நின்ன மத்ததும் அந்த 25-க்குள்ளதான். சரி, தண்ணி அட்டவணை? "காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை"ன்னு சித்திரை வெயிலில் எழுதிக் கொடுத்தது நான். மழைக்காலத்துக்கு மாத்தி எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லை. அந்த அக்கா ஏன் மழையிலும் ஊத்தினாங்க? "டிக் போடலைன்னா மீட்டிங்ல கேள்வி கேப்பீங்களே"ன்னாங்க.

நான் எல்லார் முன்னாடியும் சொன்னேன்: "அட்டவணை எழுதினது நான். உரம் போடச் சொன்னதும் நான். மண்ணைப் பார்க்காம போனதும் நான்." உடனே ஒரு தங்கச்சி கேட்டாங்க, "அப்போ 9,000 ரூபாயை உங்க சம்பளத்தில் பிடிச்சுக்கலாமா மேடம்?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா கேள்வி நியாயமான கேள்விதான். அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து குழுத் தலைவியே கையெழுத்துப் போட்டாங்க. அந்த அக்கா வீட்டுக்கு நாங்க எல்லாரும் சேர்ந்து போய்க் கூப்பிட்டோம். உடனே வந்துடலை. அடுத்த வாரம்தான் வந்தாங்க.

வண்டல் போட்டதில் மீதி 16 மரம். அதில் 5 போச்சு, 11 பிழைச்சது. மொத்தம் 14 நஷ்டம், 50 மிச்சம். பேசின 30 மரத்தைத் தையில் கொடுத்துட்டாங்க. இனிமே எந்தக் குழுவிலும் இப்படி நடக்கக் கூடாது. அதுக்காகத்தான் இந்தப் பேச்சு.

இலையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

நம்ம குழந்தைக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன கேட்கறாங்க? எத்தனை நாளா, வயித்தால போகுதா, என்ன சாப்பிட்டுச்சுன்னு கேட்டுட்டுத்தானே மருந்து? மரத்துக்கும் அப்படித்தான். மஞ்சள் இலை ஒரு அறிகுறி. அது நோயோட பேர் இல்லை. அதிகத் தண்ணிக்கும் மஞ்சள், குறைஞ்ச தண்ணிக்கும் மஞ்சள், சத்துக் குறைவுக்கும் மஞ்சள், பூச்சிக்கும் மஞ்சள். அதனால மருந்தைத் தேடுறதுக்கு முன்னாடி இந்த ஏழையும் வரிசையாப் பாருங்க.

ஒன்று: இது என்ன மாசம்? அரச மரம் மாசி, பங்குனியில் தானாவே இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் புதுத் துளிர் விடும். ஊர்ப் பிள்ளையார் கோயில் அரச மரத்தைப் பார்த்திருப்பீங்க. தொட்டியில் இருக்கிற அரசும் அதோட தங்கச்சிதான். அது நோயே இல்லை.

இரண்டு: சமீபத்தில் என்ன மாத்தினோம்? இடம் மாத்தினோமா, தொட்டி மாத்தினோமா, உரம் போட்டோமா, மழை பெய்ததா, வேற போர் தண்ணி ஊத்தினோமா? பாதிக்கு மேல விடை இந்தக் கேள்வியிலேயே கிடைச்சிடும்.

மூன்று: விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விடுங்க. ஈரமா, காய்ஞ்சிருக்கா? மேல்மண் காய்ஞ்சிருக்கும், அடி சொதசொதன்னு இருக்கும். கண்ணை நம்பாதீங்க, விரலை நம்புங்க.

நான்கு: எந்த இலை மஞ்சளாகுது? அடியில் இருக்கிற பழைய இலையா, நுனியில் இருக்கிற புது இலையா?

ஐந்து: மஞ்சள் எப்படி இருக்கு? இலை முழுக்கவா, நரம்பு பச்சையா இருந்து நடுவில் மட்டும் மஞ்சளா, ஓரம் மட்டும் கருகியிருக்கா, புள்ளி புள்ளியா?

ஆறு: இலையைத் திருப்பிப் பாருங்க. பூச்சி குடியிருக்கறது பெரும்பாலும் இலைக்கு அடியில்தான்.

ஏழு: தொட்டியோட அடி ஓட்டையைப் பாருங்க. குச்சி விட்டால் போகுதா? தண்ணி ஊத்தினால் ஒரு நிமிஷத்தில் கீழே வருதா? வரலைன்னா வேரைப் பார்த்தே ஆகணும்.

இந்த ஏழுக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம் போதும். அன்னைக்கு நான் அந்த அஞ்சு நிமிஷம் செலவழிச்சிருந்தா பல மரம் பிழைச்சிருக்கும்.

தண்ணி அதிகமானால்

வேருக்கும் மூச்சு வேணும். மண்ணுக்குள் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியில் காற்று இருக்கும். தண்ணி வடியாம நின்னா அந்தக் காற்று போயிடும், வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகின வேரால் தண்ணி உறிஞ்ச முடியாது. அதனால மண்ணு முழுக்க ஈரமா இருக்கும்போதே இலை வாடித் தொங்கும். நம்ம என்ன பண்ணுவோம்? "ஐயோ வாடுதே"ன்னு இன்னும் ஒரு சொம்பு ஊத்துவோம். அங்கதான் மரம் சாகுது. மண் ஈரம், இலை வாட்டம், ரெண்டும் சேர்ந்து இருந்தா தண்ணியை நிறுத்துங்க.

அழுகின வேருக்கு உரம் போட்டா இன்னும் மோசம். எலுமிச்சை ஊறுகாய்க்கு உப்புப் போட்டு வச்சா என்ன ஆகுது? காயில் இருக்கிற தண்ணி வெளியே வந்துடுது இல்லையா? உரமும் ஒரு வகை உப்புதான். சின்னத் தொட்டியில் அதிகமாப் போட்டா வேரில் இருக்கிற தண்ணியையே வெளியே இழுத்துடும். நான் சொன்னதைக் கேட்டு யூரியா போட்டப்போ நடந்தது இதுதான்.

அந்த 11 மரத்தை எப்படிக் காப்பாத்தினோம்னு சொல்றேன். தொட்டியை விட்டு எடுத்து, வேரைத் தண்ணியில் அலசினோம். கறுத்த வேரையெல்லாம், கொதிக்கிற தண்ணியில் முக்கின கத்தரியால் வெட்டினோம். வெள்ளையா, கெட்டியா இருக்கிற வேரை விட்டுட்டோம். வேர் குறைஞ்சதால மேலே இலையையும் கொஞ்சம் குறைச்சோம். கொஞ்ச வேரால் நிறைய இலைக்குத் தண்ணி ஏத்த முடியாது. செம்மண் ஒரு பங்கு, கடலைப் பருப்பு அளவு செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து, அடி ஓட்டையில் கொசுவலைத் துண்டு வச்சு நட்டோம். மூணு வாரம் நிழல். விரல் வச்சுப் பார்த்துத்தான் தண்ணி. புதுத் துளிர் வந்து ஒரு மாசம் வரை உரமே கிடையாது. ஜல்லியை விலைக்கு வாங்கலை, உடைஞ்ச ஓட்டையும் செங்கல்லையும் நாங்களே உட்கார்ந்து இடிச்சு சலிச்சோம். நானும் ஒரு நாள் பூரா இடிச்சேன், அதுதான் என் அபராதம்.

இலை எல்லாம் உதிர்ந்துட்டா மரம் செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஆல், அரசு, இச்சி மூணும் பால் மரம். சின்னக் கிளையில் நகத்தால் லேசா கீறிப் பாருங்க. உள்ளே பச்சையா இருந்தா, பால் வந்தா, உயிர் இருக்கு. நுனி காய்ஞ்சிருந்தால் கீழே கீழே வந்து கீறிப் பாருங்க.

தண்ணி குறைஞ்சால்

இலை மொறமொறன்னு காயும், ஓரத்தில் இருந்து கருகும், தொட்டி தூக்கினால் பஞ்சு மாதிரி இலேசா இருக்கும். சில சமயம் மண் ஒரேயடியாக் காய்ஞ்சு சுவரை விட்டு விலகி நிற்கும். மேலே ஊத்துற தண்ணி ஓரமா ஓடி அடியில் வந்துடும், வேருக்குச் சேராது. நமக்கு ஊத்தின மாதிரி இருக்கும், மரத்துக்குக் குடிச்ச மாதிரி இருக்காது. அப்போ தொட்டியை ஒரு அகன்ற வாளித் தண்ணியில் கால் மணி நேரம் உட்கார வைங்க. நீர்க்குமிழி நின்னதும் எடுத்து வடிய விடுங்க.

சத்துக் குறைவு: பழைய இலையா, புது இலையா?

தழைச்சத்து குறைஞ்சா பழைய இலை முதலில் வெளுத்து மஞ்சளாகும். ஏன்னா மரம் பழைய இலையில் இருக்கிற சத்தை எடுத்துப் புதுத் துளிருக்குக் கொடுக்கும். வீட்டில் சோறு குறைவா இருந்தா அம்மா தன் தட்டை ஒதுக்கிட்டுப் பிள்ளைக்குப் போடற மாதிரி. இதுக்கு மண்புழு உரம் ஒரு கைப்பிடி, அல்லது ஊற வைத்துத் தெளிஞ்ச கடலைப் புண்ணாக்குத் தண்ணியை நல்லா நீர்க்க விட்டு மாசம் ஒரு தடவை ஊத்துங்க. ஈரமான மண்ணில்தான் ஊத்தணும், காய்ஞ்ச மண்ணில் வேண்டாம்.

புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சை வலை மாதிரி தெரிஞ்சா அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு பழைய இலையில் இருந்து புது இலைக்கு நகராது. நம்ம பக்கம் இது நிறைய வருது. காரணம் நம்ம போர் தண்ணி. தொட்டி ஓரத்தில் வெள்ளையாப் படிஞ்சிருக்கே, அந்தச் சுண்ணாம்புச் சத்துதான். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனா சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்காமப் பண்ணிடும். இரும்பு மாத்திரையை டீயோட சாப்பிடாதீங்கன்னு கிராம சுகாதாரச் செவிலியர் சொல்வாங்க இல்லையா? டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. அதே கதைதான். மாத்திரை வயித்துக்குள் போயும் பிரயோஜனம் இல்லை.

இதுக்கு என்ன செய்யலாம்? மழைத் தண்ணியை டிரம்மில் பிடிச்சு வச்சு ஊத்துங்க. அவசரத்துக்கு அன்னபேதி உப்பு ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம், அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு, சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளிச்சு மூணு நாள் பாருங்க. கருகலைன்னா மத்ததுக்கும் தெளிங்க. துணியில் பட்டால் கறை போகாது, பழைய சேலை கட்டிக்குங்க.

பழைய இலையில் நரம்பு பச்சையா இருந்து இடையில் மஞ்சளானால் அது மக்னீசியக் குறைவா இருக்கலாம். ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா இடம் வேற. அதனாலதான் நாலாவது கேள்வி அவ்வளவு முக்கியம்.

ஓரமும் நுனியும் மட்டும் பழுப்பாக் கருகினால், உரம் அதிகமா போட்டோமா, உப்புத் தண்ணியான்னு பாருங்க. நல்ல தண்ணியை அடி ஓட்டை வழியா ஓடுற வரை ரெண்டு மூணு தடவை ஊத்தி, உப்பைக் கழுவி விடுங்க.

பூச்சி

வெள்ளைப் பஞ்சு மாதிரி கணுவில் ஒட்டியிருந்தா மாவுப்பூச்சி. தண்டில் சின்ன மச்சம் மாதிரி ஒட்டி, நகத்தால் சுரண்டினால் வந்தா செதில்பூச்சி. ரெண்டும் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரை விடும். அது மேலே கரிப்பொடி தூவின மாதிரி கரும்பூசணம் படரும். எறும்பு சாரையா ஏறினா அதுவே துப்பு. எறும்பு இனிப்புக்காக இந்தப் பூச்சிகளுக்குக் காவல் நிற்கும். பழைய பல் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணி தொட்டுத் தேய்ச்சு எடுங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, நல்லாக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில் படுற மாதிரி தெளிங்க. வாரம் ஒரு தடவை, மூணு வாரம். ஒரு தடவையில் போகாது, முட்டை மிச்சம் இருக்கும்.

கோடையில் இலை மேல ஊசியால் குத்தின மாதிரி வெளிறிய புள்ளி வந்தா, ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடிச்சு கிளையைத் தட்டுங்க. மிளகாய்த்தூள் மாதிரி விழுந்து நகர்ந்தா செஞ்சிலந்தி. வறட்சியும் தூசியும் அதுக்குப் பிடிச்ச இடம். நாலைஞ்சு நாள் தொடர்ந்து இலைக்கு அடியில் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலே பெருமளவு குறையும்.

இச்சி மரத்தில் இலை வெற்றிலை மடிச்ச மாதிரி நீளவாக்கில் மூடிக்கும். பிரிச்சுப் பாருங்க, உள்ளே எள்ளை விடச் சின்னதா கறுப்புப் பூச்சி ஓடும். அது இலைப்பேன். மூடின இலைக்குள் மருந்து போகாது. அந்த இலைகளைக் கிள்ளி ஒரு பையில் போட்டு மூடி, தூரமா குழி தோண்டிப் புதைச்சிடுங்க. புதுத் துளிர் வரும்போது வேப்பெண்ணெய் தெளிங்க.

மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளியைச் சுத்தி மஞ்சள் வளையம் இருந்தா பூசண நோயா இருக்கலாம். அந்த இலையை எடுத்துடுங்க, கீழே உதிர்ந்ததையும் கூட்டிடுங்க. தொட்டிக்குத் தொட்டி இடைவெளி விடுங்க. மாலையில் இலையை நனைக்காதீங்க.

வாங்கினவங்க வீட்டில் இலை கொட்டினால்

இது வியாபார விஷயம். நம்மகிட்ட நல்லா இருந்த மரம் டவுன் வீட்டுக்குப் போன ரெண்டு வாரத்தில் இலை கொட்டுதுன்னு திருப்பிக் கொண்டு வர்றாங்க. பெரும்பாலும் மரத்தில் குறை இருக்காது. வெயிலில் வளர்ந்ததை டி.வி. பக்கத்தில் ஏ.சி. காற்றில் வச்சிருப்பாங்க. இடம் மாறினாலே இந்த ஜாதி மரம் இலை உதிர்க்கும். கல்யாணம் ஆகி வேற ஊர் போன பொண்ணு மாதிரி, பழகக் கொஞ்சம் நாள் ஆகும். கொடுக்கும்போதே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க: வெயிலோ நல்ல வெளிச்சமோ படுற இடத்தில் வைக்கவும், அடிக்கடி இடம் மாத்த வேண்டாம், விரல் வச்சுப் பார்த்துத் தண்ணி ஊத்தவும், முதல் மாதம் உரம் வேண்டாம். அந்தச் சீட்டு நம்ம பேரைக் காப்பாத்தும்.

நானூறு வருஷம் நிற்கும் மரம்

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சேதி. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தில் ஒரு குடும்பம் வளர்த்த போன்சாய் பைன் மரம் ஒன்று இருக்கு. 1625-லிருந்து தொட்டியில் வளருது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அந்த ஊர் மேல அணுகுண்டு விழுந்தப்போ, அவங்க வீடு சுமார் மூணு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. தோட்டத்துச் சுவர் மறைச்சதால மரம் தப்பிச்சது. 1976-இல் அந்த மரத்தை அமெரிக்காவுக்கே பரிசாக் கொடுத்தாங்க. குண்டு போட்ட நாட்டுக்கே! அது எதிலிருந்து தப்பி வந்த மரம்னு அந்தக் குடும்பத்துப் பேரன்கள் 2001-இல் அங்கே போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அங்கிருந்தவங்களுக்குத் தெரிஞ்சது. வாஷிங்டனில் அரசுத் தோட்டத்தில் இன்னைக்கும் வளருது. இத்தனை தலைமுறையா யாரோ ஒருத்தர் தினம் விரலை மண்ணில் வச்சுப் பார்த்திருக்காங்க. அதனாலதான் அது இருக்கு.

அடுத்த மாதத்துக்குள் செய்ய வேண்டியது

தொட்டி மரம் வளர்க்கிற ஒவ்வொரு குழுவும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்க. மரத்துக்கு ஒரு எண். தொட்டி மாத்தின தேதி, போட்ட மண், போட்ட உரம், இலையில் பார்த்தது எல்லாத்தையும் ரெண்டு வரியில் எழுதுங்க. எழுதத் தெரியாதவங்க சொல்ல, மத்தவங்க எழுதலாம். தண்ணி அட்டவணையில் டிக் போடற கட்டம் இனி வேண்டாம். "ஈரம்", "காய்ச்சல்"னு ரெண்டு கட்டம் போடுங்க. காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் சந்தேகமான இலை ரெண்டை ஈரத் துணியில் சுத்திக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம். நமக்குப் புரியாத பூச்சின்னா வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டலாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

இன்னொரு வேண்டுகோள். நஷ்டம்னு வந்தா யார் சேமிப்பிலும் கை வைக்கிற தீர்மானத்தை அன்னைக்கே எழுதாதீங்க. ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. அந்த வாரத்தில் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்க. பழைய தீர்மானங்களையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. நம்ம எல்லார் கையெழுத்தும் அதில் இருக்கலாம்.

அந்த அக்கா இப்போ அந்தக் குழுவில் தண்ணிப் பொறுப்பை மறுபடி ஏத்துக்கிட்டாங்க. போன மாசம் நான் போனப்போ வண்டியை நிறுத்தினதும் அவங்க சொன்ன முதல் வார்த்தை: "மேடம், அங்கிருந்தே பார்க்காதீங்க. கிட்ட வாங்க, விரலை வச்சுப் பாருங்க."

போனேன், வச்சுப் பார்த்தேன். பதமா இருந்தது.